ஏழு சிவப்புக் கோடுகளும் அக்காவின் ஒரு ஏக்கரும்

வேலை செய்துகொண்டிருக்கிற ஒன்றைப் புதுப்பிக்கச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கைத்தொலைபேசி கேட்டாலும் "பிறகு" என்பதைத்தான் அழுத்துவேன். கிளிநொச்சி நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மாடி அறையில், நாங்கள் ஆறு பேர் இருந்து வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு நிரல் எழுதுகிறோம். எழுதுகிறோம் என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. யாரோ எப்போதோ ஜாவாவில் எழுதிவிட்டுப் போனவற்றுக்கு ஒட்டுப் போடுகிறோம். மத்தியானம் கீழேயிருந்து பொரியல் வாசம் வரும்போது எழும்புவோம், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஒட்டுப் போடுவோம். அந்த வேலையில் பத்து வருடமாக ஜாவாவின் எட்டாம் பதிப்போடேயே காலம் தள்ளியவள் நான். அதன் நல்லது கெட்டது எல்லாம் எனக்குத் தெரியும். எங்கே காலை வாரும் என்பதும் தெரியும்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து அறிவித்தல் வந்தது. எல்லாவற்றையும் இருபத்தொன்றாம் பதிப்புக்கு மாற்றவேண்டுமாம். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இத்தனை பதிப்புகள் வரிசையாக வந்து போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது ஒரேயடியாக எல்லாவற்றையும் என் தலையில் கொட்டுகிறார்கள் என்று மாடி அதிரக் கத்தினேன். பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பிப் போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். என் வாயை மூட அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த வழி அதுதான்.

அப்படித் திட்டியவள் இன்று அதே புதிய பதிப்பைப் பற்றி ஆறுதலாக இருந்து எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அலுவலகம் அல்ல. என் அக்கா. அக்காவின் ஒரு ஏக்கர் சிறுபோக வயல்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்து குடியேறிய குடும்பம். அம்மா அப்பாவுக்குப் பிறகு அந்தக் காணியை அக்காதான் செய்கிறார். நான் படிப்பு, வேலை என்று நகரத்துக்கு வந்துவிட்டேன். அக்கா தனி ஆள். என்னைவிட எட்டு வயது மூப்பு. வயலிலும் சரி வீட்டிலும் சரி, வாய் ஓயாமல் யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார். கோழியை ஏசுவார், மழையை ஏசுவார், நான் போனால் என்னை ஏசுவார். அது அவருடைய அன்பு என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது.

எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மழைக்காலத்துக் காலபோகத்தில் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லோரும் அவரவர் காணியில் விதைப்பார்கள். சிறுபோகம் அப்படியல்ல. வெயில் காலம், குளத்தில் கொஞ்சத் தண்ணீர்தான் இருக்கும். அது கடைசிக் காணிவரை வந்து சேராது. அதனால் குளத்துக்குக் கிட்ட உள்ள காணிகளை மட்டும் செய்வது என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். அந்தக் காணிகளைப் பங்கு பிரித்து, கடைசியில் காணி உள்ளவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். ஆகவே சிறுபோகத்தில் அக்கா விதைப்பது வேறொருவருடைய காணியில். காணி அவருடையது, பயிர் அக்காவுடையது, தண்ணீரும் அக்காவுடையது. போகம் முடிய அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

எந்தப் போகமானாலும் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்றைக்கு இந்தத் துண்டுகளுக்கு, நாளைக்கு அடுத்தவைக்கு. உங்கள் முறை வரும்போது நீங்கள் வயலில் நின்று மடையை வெட்டித் தண்ணீரை உள்ளே விடவேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு அடுத்த முறைவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முன்பெல்லாம் முறையை அறிவிப்பவர் எங்கள் வாய்க்காலின் பிரதிநிதி. வயல் செய்கிற கமக்காரர்கள் தங்களுக்குள் தெரிவு செய்துகொண்ட ஒரு அண்ணை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாசல் படலையடியில் நின்று கத்திவிட்டு வருவார். அவருக்கு முதுகு நோ வந்து மோட்டார் சைக்கிள் ஓட ஏலாமல் போனபோது, "தங்கச்சி என்னவோ கொம்பியூட்டரிலை எழுதுறாவாமே, இதுக்கொண்டு எழுதித் தாறாவோ?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா பெருமையோடு ஓம் என்றுவிட்டார். நானும் பெருமையோடு எழுதினேன். முறை வரும் நேரத்தை அண்ணை எனக்குச் சொல்வார். என் வீட்டிலுள்ள கணினி, அதோடு பொருத்திய ஒரு பழைய தொலைபேசி வழியாக, உரியவர்களுக்குத் தமிழில் செய்தி அனுப்பும்.

முதல் நாள் பரீட்சித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் போய்ச் சேர்ந்தன. எட்டாம் பதிப்பு, இயங்குகிற கணினி எந்த எழுத்துமுறையைப் பழக்கமாக வைத்திருக்கிறதோ அதையே தானும் பிடித்துக்கொள்ளும். என் கணினிக்குத் தமிழ் பழக்கமில்லை. அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, தண்ணி எப்ப எண்டு நாங்கள்தான் உம்மட்டைக் கேக்கோணும். நீர் ஏன் எங்களிட்டை இவ்வளவு கேள்வி கேக்கிறீர்?"

சிரித்துவிட்டு, நிரலில் எழுத்து வாசிக்கிற இடம், எழுதுகிற இடம் எல்லாவற்றிலும் போய் இன்ன முறையில் எழுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்தேன். அந்தக் காலபோகம் முழுக்கச் செய்திகள் ஒழுங்காகப் போயின. அண்ணைக்குப் படலையடிக்குப் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை.

என் பிழை அங்கேதான் இருந்தது. நான் அந்த நிரலைக் காலபோகத்தில் எழுதினேன். காலபோகத்தில் காணிக்காரர்தான் கமக்காரர், சிலர் மட்டும் குத்தகைக்குக் கொடுத்திருப்பார்கள். எனவே நிரலில் நான் எழுதியது இவ்வளவுதான்: சொந்தமாகச் செய்தால் சொந்தக்காரருக்கு அனுப்பு. குத்தகை என்றால் குத்தகைக்காரருக்கு அனுப்பு. மற்றபடி சொந்தக்காரருக்கே அனுப்பு. அந்தக் கடைசி வரியை யோசித்து எழுதவில்லை. கை பழக்கத்தில் எழுதியது. நிரல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கடைசியில் ஒரு "மற்றபடி" போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டதுபோல ஒரு திருப்தி.

சிறுபோகம் வந்தது. அண்ணை பங்குப் பட்டியலைத் தந்தார். நானும் பதிவில் "பங்கு" என்று புதிதாக ஒரு வகை சேர்த்து, பங்குக்காரர்களின் தொலைபேசி இலக்கங்களை எல்லாம் கவனமாக ஏற்றினேன். அக்காவின் இலக்கத்தை மனப்பாடமாகவே ஏற்றினேன். ஆனால் பங்கு என்று கண்டால் யாருக்கு அனுப்புவது என்று நிரலில் எழுத மறந்துவிட்டேன். பங்குக்காரர்தான் தண்ணீர் கட்டுவார் என்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தெரிகிற விஷயமில்லை. பிறந்ததிலிருந்து தெரியும். அப்படித் தெரிந்ததை எழுதவேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. நிரலும் ஒரு சொல் கேட்கவில்லை. பங்கெல்லாம் "மற்றபடி"க்குள் போய் விழுந்தன. செய்திகள் காணிக்காரர்களுக்குப் போயின.

அது உடனே வெளிப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனிதர்களின் நல்ல குணம் அதை மூடி வைத்துவிட்டது. செய்தி கிடைத்த காணிக்காரர்கள் எல்லோரும், ஓகோ, இந்த முறை எங்களிடம்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தங்கள் பங்குக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அக்காவுக்குக் காணி கொடுத்தவர் வவுனியாவில் இருக்கிறார். அவரும் ஒவ்வொரு முறையும் அக்காவை அழைத்துச் சொல்லியிருக்கிறார். நான்கு முறை சொன்னார். ஐந்தாம் முறை அவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். தொலைபேசியைப் பார்க்கவில்லை.

அப்போது நெல் குடலைப் பருவத்தில் இருந்தது. கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் தாக்குப்பிடிக்க நெல்லிடம் ஒன்றுமில்லை. பங்குத் துண்டு அக்காவின் வீட்டிலிருந்து மூன்று மைல். தண்ணீர் வந்து போனது அக்காவுக்குத் தெரியாது. நான் விஷயம் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தபோது பாதிக் கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. மணி பிடித்த கதிர் தலை குனியும். இவை குனியவில்லை. உருவிப் பார்த்தேன், எல்லாம் மணி பிடிக்காத சப்பி.

அக்கா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லி, அழுது, முடித்திருப்பேன். அக்கா ஏசவில்லை.

"நீ என்ன செய்வாய். உனக்கு அங்கை வேலை கூட," என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்காமல் இருக்கவில்லை. வாராவாரம் போனேன். மீன் விலை கதைத்தோம், யார் வீட்டுக் கலியாணம் என்று கதைத்தோம். தண்ணீரைப் பற்றி மட்டும் அக்கா என்னிடம் வாய் திறக்கவில்லை. நான் எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். நிரலில் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். அந்த ஓம் எனக்குத் தெரியும். காப்புறுதி விற்க வருகிறவர்களுக்கு அக்கா சொல்கிற ஓம் அது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் என் நிரலில் நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஒரு வரி சேர்த்தேன் சரி, வேறு எங்கெல்லாம் இதே பிழை இருக்கிறது? செய்தி அனுப்புகிற இடம் ஒன்று. முதல் நாள் ஞாபகமூட்டுகிற இடம் ஒன்று. பட்டியல் எடுக்கிற இடம், இலக்கம் மாற்றுகிற இடம். ஒவ்வொரு இடத்திலும் அதே "மற்றபடி" ஏதோ ஒரு வேடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த சிறுபோகத்துக்கும் அக்கா விதைக்கத்தான் போகிறார். மறுபடி ஒரு முறை தவறினால் வயல் மட்டுமா போகும்?

இந்த நிலையில்தான் அலுவலகத்தில் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது.

முதல் வாரம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படித்தேன். முதலில் என்னை மடக்கியது ரெக்கோட் என்கிற ஒன்று. முன்பு ஒரு காணித்துண்டின் விபரங்களை வைத்திருக்க ஒரு கிளாஸ் எழுதினால், இலக்கம், பரப்பு, வாய்க்கால் என்று மூன்று விடயத்துக்கு அறுபது வரி வரும். கொடுக்க ஒன்று, எடுக்க ஒன்று, இரண்டு துண்டும் ஒன்றா என்று ஒப்பிட ஒன்று. இப்போது அதை ஒரே வரியில் எழுதலாம். மிச்சத்தை மொழியே பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை எழுதினால் உள்ளே இருப்பதை யாரும் இடையில் மாற்றவும் முடியாது. நான் அறுபது வரியை அழித்துவிட்டு அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பக்கத்துக் கதிரைக்காரர், "என்ன, கோவம் போட்டுதோ?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். போய்விட்டிருந்தது.

அடுத்தது வெற்று மதிப்பு. ஜாவாவில் வேலை செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், ஆயுளில் பாதி அதில்தான் போயிருக்கும். இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் நிரல் விழுந்துவிடும். பழைய பதிப்பு எந்த வரியில் விழுந்தது என்று மட்டும் சொல்லும். அந்த வரியில் நான்கைந்து பொருள் தொடராக இருந்தால் எது வெறுமை என்று நாம்தான் தேடவேண்டும். புதியது, இந்தத் தொலைபேசி இலக்கம்தான் வெறுமை, அதனால்தான் விழுந்தேன் என்று விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. இவ்வளவு காலமும் அதற்கு இது தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்ததா என்று எனக்கு எரிச்சலும் வந்தது.

எழுத்துமுறையும் சரியாகியிருந்தது. கணினிக்கு என்ன பழக்கமோ, ஜாவா இப்போது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறையைத்தான் தானாக எடுத்துக்கொள்கிறது. நான் அன்றைக்கு ஒவ்வொரு இடமாகப் போய்ச் செருகிய வரிகள் இனித் தேவையில்லை. கேள்விக்குறிகளை நினைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன்.

ஆனால் என்னைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. புதிய பதிப்பில் ஒரு வகையைப் பூட்டி வைக்கலாம். இதற்குள் இன்னின்ன வகை மட்டும்தான் உண்டு, வேறில்லை என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். பிறகு எங்காவது அந்த வகைகளைப் பிரித்துப் பார்த்து வேலை செய்யும்போது, எல்லா வகைக்கும் பதில் சொன்னாயா என்று கொம்பைலர் பார்க்கும். கொம்பைலர் என்பது நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது. ஒரு வகையை விட்டிருந்தால் அது மாற்றித் தராது. சிவப்புக் கோடு போட்டு, இந்த இடத்தில் எல்லாம் அடங்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஒரே ஒரு நிபந்தனை, நாம் "மற்றபடி" எழுதக்கூடாது. எழுதினால் அது பழையபடி கண்ணை மூடிக்கொள்ளும்.

அதை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். என் நிரலை முதலில் எழுதியபோது இது என் கையில் இருந்திருந்தால், பங்கு என்று நான் சேர்த்த அந்த நிமிடமே இது என்னைப் பிடித்திருக்கும். அக்காவின் நெல் தப்பியிருக்கும். புதியது கிடைத்த மகிழ்ச்சியும், பிந்திக் கிடைத்த கவலையும் சேர்ந்து வந்தன.

அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் இருந்து தண்ணீர் நிரலைப் பிரித்துப் போட்டேன். ஒரு துண்டைச் செய்கிறவர் மூன்று வகை என்று எழுதிப் பூட்டினேன்: சொந்தக்காரர், குத்தகைக்காரர், பங்குக்காரர். மூன்றும் மூன்று ரெக்கோட். எங்கெங்கே "மற்றபடி" இருந்ததோ அங்கெல்லாம் அதைப் பிடுங்கி எறிந்தேன். கொம்பைலர் கத்தியது, சரி செய்தேன். மறுபடி கத்தியது, மறுபடி சரி செய்தேன். கடைசியில் சத்தமில்லாமல் முடிந்தது. நான் எழும்பி நின்று கைகளை உதறிக்கொண்டேன்.

அந்தத் திருப்தி இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. மூன்று வகை என்று எழுதியது யார்? நான். போன முறையும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதானே எழுதினேன்? மொழி என்னிடம் கேட்பது, நீ சொன்ன வகைகளுக்கெல்லாம் பதில் இருக்கிறதா என்றுதான். நான் சொல்லாத வகை ஊரில் இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

சிறுபோகப் பங்கு பிரித்து, விதைப்பும் முடிந்திருந்த நேரம் அது. இன்னும் முறைத் தண்ணீர் தொடங்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கராயனுக்கு, அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு காணித்துண்டிலை தண்ணி கட்டுறவர் எத்தினை விதம்? எல்லாத்தையும் சொல்லுங்கோ. தெரிஞ்சதுதானே எண்டு விடாதேங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விரலை மடக்கினார். "காணிக்காரர். குத்தகைக்காரர். பங்குக்காரர்." நான் தலையாட்டினேன். அவர் நான்காம் விரலையும் மடக்கினார். "பிறகு, மாறிச் செய்யிற ஆக்கள்."

"அதென்ன?"

"என்ன பிள்ளை, இஞ்சை பிறந்து வளந்தனீர் தெரியாதே? கூட்டத்திலை ஒருத்தருக்கு ஒரு துண்டு விழும். அது அவருக்குத் தோதில்லை. இன்னொருத்தரோடை கதைச்சு மாத்திக்கொள்ளுவினம். பட்டியலிலை பழைய பேர்தான் இருக்கும். ஆர் அதைத் திருத்துறது? எல்லாருக்கும் தெரியும்தானே."

"இந்த முறை அப்பிடி ஆரும் மாறியிருக்கினமோ?"

"ரெண்டு மூண்டு சோடி இருக்கும். உம்மட கொக்காவும் மாறித்தானே செய்யிறா. அந்த முழங்கால் நோக்காரி மனுசி இருக்கிறா எல்லே, அவாவுக்கு விழுந்தது உள்ளுக்கை, வரம்பாலை நடந்து போகோணும். கொக்காவுக்கு றோட்டுக்கரைத் துண்டு. கொக்கா தன்ரையை அவாவுக்குக் குடுத்திட்டு உள்ளுக்குப் போட்டா. உமக்குச் சொல்லேல்லையே?"

அக்கா எனக்குச் சொல்லவில்லை. வாராவாரம் போயிருக்கிறேன். மீன் விலை சொன்னார், இதைச் சொல்லவில்லை. அண்ணை பிளேன்ரீ குடிக்கச் சொன்னார், குடித்தேன், என்ன ருசி என்று தெரியவில்லை. போன வருடம் செய்ததையே இந்த வருடமும் செய்ய இருந்தேன். அக்காவின் தண்ணீரை முழங்கால் நோக்காரிக்கும், அவருடைய தண்ணீரை அக்காவுக்கும் அறிவித்திருப்பேன். இரண்டு பேருக்கும் பிழையான நாள். அதுவும் எல்லாம் சரி என்று கையை உதறிவிட்டு.

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து நான்காவது வகையைச் சேர்த்தேன். "மாறிச் செய்பவர்." ஒரே வரி. சேர்த்துவிட்டுக் கொம்பைலரை ஓடவிட்டேன். திரையில் ஏழு சிவப்புக் கோடுகள் வந்து நின்றன.

என் தொழிலில் சிவப்புக் கோட்டைக் கண்டு சந்தோசப்பட்டவர்கள் குறைவு. நான் சந்தோசப்பட்டேன். ஒவ்வொரு கோடும் அக்கா தண்ணீரில்லாமல் நிற்கக்கூடிய ஒரு இடம். முதல் ஐந்து எனக்குத் தெரிந்த இடங்கள். ஆறாவது, எப்போதோ அச்சிட எழுதிய பட்டியல். ஏழாவதைத் திறந்து பார்த்தபோதுதான் அப்படியொன்று இருப்பதே ஞாபகம் வந்தது. முறை திடீரென்று முந்தினாலோ பிந்தினாலோ அனுப்புகிற அவசர அறிவித்தல். போன வருடம் அண்ணை கேட்டார் என்று பத்து நிமிடத்தில் எழுதிப் போட்டுவிட்டு மறந்தது. நானாகத் தேடியிருந்தால் சத்தியமாக அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஏழையும் சரி செய்தேன். கோடுகள் போயின. அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

முறை தொடங்கியது. செய்திகள் போயின. நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாறிச் செய்வது எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவருடைய இலக்கத்துக்குச் செய்தி போனதை மட்டும் ஒவ்வொரு முறையும் திரையில் பார்த்துக்கொண்டேன்.

நெல் மறுபடி குடலைக்கு வந்த வாரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நான் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணை அழைத்தார். குரல் பதறியது.

"பிள்ளை, கீழை வாய்க்கால் கரை இடிஞ்சு போட்டுது. திருத்துறதுக்கு நாளைக்குத் துருசைப் பூட்டப் போகினமாம். எப்ப திறப்பினம் எண்டு தெரியாது. நாளைக்கு முறை உள்ள ஆக்களுக்கெல்லாம் இண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகு விடச் சொல்லியிருக்கு. உடனை அறிவியும்."

நாளைக்கு முறை உள்ளவர்களில் அக்காவும் ஒருவர். துருசு என்கிற குளத்து மதகைப் பூட்டிவிட்டால் பிறகு பயிரின் பாடு என்ன என்று சொல்லத் தேவையில்லை. அலுவலகத்திலிருந்தே வீட்டுக் கணினிக்குத் தொடர்பெடுத்து அவசர அறிவித்தலை அனுப்பினேன். போனவர்களின் வரிசையில் அக்காவின் இலக்கம் இருந்தது. சரி என்று கதிரையில் சாய்ந்தேன். பதினொரு மணிவரைதான் அப்படி இருக்க முடிந்தது. அக்காவை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பன்னிரண்டு மணிக்கும் எடுக்கவில்லை. ஒரு மணிக்கும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வழியெல்லாம் மனம் கெட்டதையே நினைத்தது. செய்தி வந்து, அக்கா அதைத் திறக்காமலே விட்டிருந்தால்? என் நிரல் அனுப்புகிறது என்பதற்காகவே திறக்காமல் விட்டிருந்தால்? அதைத் திருத்த எந்தப் பதிப்பும் இல்லை. அக்காவின் வீட்டுக்குப் போகும் சந்தியில் திரும்பாமல் நேரே வயலுக்கே விட்டேன். றோட்டுக்கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வரம்பால் ஓடினேன்.

அக்கா வயலுக்குள் நின்றார். பழைய நீளக்கைச் சேர்ட்டும் தலையில் துவாயுமாக, மண்வெட்டியோடு. மடை வெட்டப்பட்டிருந்தது. தண்ணீர் பயிருக்கு நடுவே சளசளவென்று போய்க்கொண்டிருந்தது. வரம்பில், ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்த தொலைபேசியில் என் அழைப்புகள் ஒன்பதும் கிடந்தன.

"ஏன் போன் எடுக்கேல்லை?" என்று கத்தினேன். மூச்சு வாங்கியது.

அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். முழங்கைவரை சேறு. "இதோடை எப்பிடியடி எடுக்கிறது? உனக்கு என்ன, ஒன்பது தரம் அடிக்கிறாய், ஆரும் செத்துப் போச்சினமே?"

"செய்தி வந்ததே?"

"வராமல் நான் என்ன சாத்திரம் பாத்தே வந்தனான்?"

அப்படியே வரம்பில் குந்திவிட்டேன். அக்கா என்னை ஏசத் தொடங்கினார். வெயிலுக்குள் தொப்பியில்லாமல் வந்திருக்கிறேனாம், நல்ல சப்பாத்தோடு வரம்பில் நடக்கிறேனாம், வேலை செய்கிற இடத்தில் சம்பளம் தருவது றோட்டால் ஓடித் திரியவாம். தண்ணீர் கடைசி வரம்பைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இஞ்சை பார். நான் மாறின மனுசி இருக்கிறா எல்லே, முழங்கால் நோக்காரி. அவாவின்ரை மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நாளையண்டைக்கு முல்லைத்தீவுக்குப் போறா, வர மூண்டு கிழமை செல்லும். அதுவரைக்கும் அவாவின்ரை தண்ணியையும் நான்தான் கட்டப் போறன். அவாவுக்கு வாற செய்தியளையும் எனக்கு அனுப்பு. பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லாதை."

பொறுப்பாகப் பார்ப்பவர். ஐந்தாவது வகை. வீட்டுக்குப் போய் அதைச் சேர்த்தால் எத்தனை சிவப்புக் கோடு வருமோ என்று மனம் கணக்குப் போட்டது. வரட்டும் என்று நினைத்தேன்.

"ரெண்டு வயலையும் தனிய எப்பிடிப் பாப்பாய், அக்கா? ஒண்டிலை முறை தவறினால் அந்த மனுசிக்கு என்ன சொல்லுறது?"

"ஏன் தவறுது? உன்ரை செய்தி வரும் எண்டுதானே நான் அவாவுக்கு ஓம் எண்டனான்."

சொல்லிவிட்டு அக்கா அடுத்த மடையைப் பார்க்கப் போய்விட்டார். நான் வரம்பில் இருந்து விக்கி விக்கி அழுதேன்.